போதைப் பழக்கமுள்ளவரின் எதிர்கால நினைப்பும் ஊரடங்குக் காலமும்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்விக்கான பதில் இது. அவருடைய தம்பி புறக்கோட்டையில் மூட்டை தூக்கிப் பிழைப்பவர். பல வருடமாக ஹெரோயின் புகைத்தவர். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் ஊரடங்குச் சட்டம் வந்து தூள் கிடைக்காமல் போனபோது முதல் வாரம் மிகவும் கஷ்டப்பட்டு, பிறகு இரண்டு மாதம் வீட்டில் நல்லபடியாக இருந்திருக்கிறார். கடைகள் திறந்து வேலைக்குப் போகத் தொடங்கிய சில நாட்களில் பழையபடி ஆகிவிட்டார். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறார். "அடுத்த வருசம் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்; அதிகம் வற்புறுத்தினால், "இன்னொரு ஊரடங்கு வரட்டும், தானாக விட்டுவிடுவேன்" என்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு எதிர்காலம் என்ற நினைப்பே கிடையாதா, அந்தத் தொற்றுக்காலம் இருந்த நினைப்பையும் கெடுத்துவிட்டதா, இனி அவரிடம் எதைப் பேசுவது என்பவைதாம் அவர் கேட்டவை.

நினைப்பு இருக்கிறது. அது எட்டும் தூரம்தான் குறைவு. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேராகவே அளந்தது. நான்சி பெட்ரி, வொறன் பிக்கல் ஆகியோர் அடங்கிய குழுவினர், ஹெரோயின் பழக்கமுள்ளோரிடமும் பழக்கம் இல்லாதோரிடமும் ஒரு கதையின் முதல் வரியை மட்டும் கொடுத்தார்கள்: ஒருவர் காலையில் கண்விழித்துத் தம் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். மிச்சக் கதையைக் கேட்கப்பட்டவரே சொல்லி முடிக்க வேண்டும். கதை எவ்வளவு காலத்துக்கு நீள்கிறது என்று பார்த்தபோது, பழக்கம் இல்லாதவர்களுடைய எதிர்காலம் சராசரியாக 4.7 வருடங்களாகவும், ஹெரோயின் பழக்கமுள்ளவர்களுடையது 9 நாட்களாகவும் இருந்தது. அந்த ஒன்பது நாட்களுக்குள் அவர்களும் திட்டமிடுகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், கவலைப்படுகிறார்கள். மாலைக்குள் காசு புரட்டவும், பொலிஸார் நிற்கும் சந்தியைத் தவிர்க்கவும், வீட்டில் சொல்லப் பொய்யைத் தயாரிக்கவும் எவ்வளவு திட்டம் வேண்டும் என்பது உங்கள் தம்பியைப் பார்த்த உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே யோசிக்கத் தெரியாதவர் என்று அவரை எண்ண வேண்டாம்.

தூரம் ஏன் குறைகிறது என்பதற்கு உளவியலில் நன்கு ஆராயப்பட்ட ஒரு விளக்கம் உண்டு. பின்னால் கிடைக்கப்போகும் எந்த நன்மையையும் நாம் எல்லோரும் இன்றைய மதிப்பில் கொஞ்சம் குறைத்தே எடைபோடுகிறோம். இன்று 5,000 ரூபா வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 10,000 ரூபா வேண்டுமா என்று கேட்டால் பலர் பொறுப்பார்கள். அதே 10,000 ரூபா ஐந்து வருடம் கழித்துத்தான் கிடைக்கும் என்றால் பலர் இன்றைய 5,000 ரூபாவை வாங்கிக்கொள்வார்கள். காலம் தள்ளிப்போகப் போக மதிப்பு குறையும் இந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஹெரோயின், மதுபானம், சிகரெட், கொக்கேயின் என்று எந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டாலும், பழக்கமுள்ளோரிடம் இந்த வேகம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் கடந்த முப்பது வருட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வேகம் கூடியவர் பழக்கத்தில் விழுகிறாரா, பழக்கம் அந்த வேகத்தைக் கூட்டுகிறதா என்றால், இரண்டுக்கும் சான்று உண்டு. வீட்டில் இருப்பவருக்கு அந்த வாதத்தால் பெரிய பயன் இல்லை.

பயனுள்ளது வேறொன்று. மதிப்பு குறைவது ஒரே சீராக நடப்பதில்லை. பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் வரும்போது அதன் மதிப்பு திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. ஜோர்ஜ் ஏன்ஸ்லி என்ற உளமருத்துவர் இதை நீண்ட காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கும்போது தூளும் தொலைவு, தங்கையின் கல்யாணமும் தொலைவு. இரண்டையும் ஒப்பிட்டால் கல்யாணமே பெரிதாகத் தெரியும். மாலை ஐந்து மணிக்குக் கையில் கூலியோடு தூள் விற்கும் சந்திப் பக்கம் வரும்போது தூள் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது, கல்யாணம் காலையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு அன்று மாலையே மீறுகிறவரை நாம் நடிகர் என்று ஏசுகிறோம். பெரும்பாலும் அந்தச் சத்தியம் செய்த வேளையில் உண்மையானதே. அது பொய்யாய்ப் போவது, மனிதர் மாறிவிட்டதால் அல்ல, இரண்டு பொருள்களுக்கும் அவருக்கும் இடையிலான தூரம் மாறிவிட்டதால்.

இந்த மனநிலையின் மேல்தான் 2020 வந்து விழுந்தது. அது எதைச் செய்தது என்பதை விளங்கிக்கொள்ளச் சிறுவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு உதவும். இப்போது ஓர் இனிப்பு, கொஞ்சம் பொறுத்தால் இரண்டு என்ற பழைய சோதனையை, 2013இல் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ற் கிட் என்பவரும் சகாக்களும் ஒரு மாற்றத்தோடு செய்தார்கள். சோதனைக்கு முன்பு, சில பிள்ளைகளுக்குப் பெரியவர் வாக்குக் கொடுத்த படம் கீறும் பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இல்லை என்று கைவிரித்தார். பிறகு இனிப்பை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடங்கள் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்கள்தான். சொன்னது நடக்காத இடத்தில் காத்திருப்பது மூடத்தனம் என்பதை அந்தச் சிறுவர்கள் சில நிமிடங்களிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த வருடம் கொழும்பில் நாம் எல்லோரும் கைவிரிக்கப்பட்ட பிள்ளைகளாகத்தான் இருந்தோம். ஊரடங்கு திங்கட்கிழமை தளரும் என்றார்கள், நீடித்தது, மீண்டும் நீடித்தது, கொழும்பிலும் கம்பஹாவிலும் மே 26 வரை முழுநாள் ஊரடங்கு எடுக்கப்படவில்லை. ஏப்ரல் 25க்கு வைத்த பாராளுமன்றத் தேர்தல் ஜூன் 20க்குப் போய், ஓகஸ்ட் 5க்குப் போனது. உயர்தரப் பரீட்சை ஒக்டோபருக்கும், சாதாரண தரப் பரீட்சை அடுத்த வருட மார்ச்சுக்கும் தள்ளின. ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்றுப் பரவி இரண்டாம் அலை வந்தபோது, முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல் பக்கத்துக் குடியிருப்புகள் மீண்டும் மூடப்பட்டன. இதற்கெல்லாம் ஒரு வருடம் முன்புதான், 2019 ஏப்ரல் 21 அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்து அந்தச் சுற்றுவட்டாரமே கலங்கிப்போயிருந்தது. கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டியவரும், விமானச் சீட்டு எடுத்தவரும், சீட்டுப் பிடித்தவரும் 'எதையும் முன்கூட்டி நினைத்துப் பயனில்லை' என்று பேசத் தொடங்கிய காலம் அது. ஒன்பது நாள் எதிர்காலம் என்பது சில மாதங்களுக்கு நகரத்தின் பொது நிலையாகவே ஆகியிருந்தது. பழக்கம் இல்லாதவர்கள் அதிலிருந்து மெல்ல மீண்டார்கள். ஏற்கெனவே அந்த அளவில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கோ, தாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததுதான் சரி என்பதற்கு அது அத்தாட்சியாகப் போய்விட்டது.

நாட்கூலிக்காரருக்கு இது இன்னும் கடுமை. வருமானம் திடீரென்று நின்றுபோவதாக ஒரு கதையை வாசிக்கக் கொடுத்தாலே, வாசித்தவர்கள் பின்னால் வரும் நன்மையை அதிகமாகக் குறைத்து மதிக்கத் தொடங்குகிறார்கள் என்பதைப் பிக்கலின் குழுவே 2016இல் காட்டியது. அது கதை. புறக்கோட்டை மூடப்பட்டபோது உங்கள் தம்பிக்கு நடந்தது நிஜம். அரசாங்கம் ஏப்ரலிலும் மேயிலும் கொடுத்த 5,000 ரூபா ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளுக்குப் போதும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேல், போதைப் பழக்கமுள்ளோருக்கென்றே தனியாக வந்து சேர்ந்த அடிகளும் உண்டு. ஜா-எல சுதுவெல்லவில் தொற்றாளரோடு பழகிய போதைப் பாவனையாளர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தும் வேலையில் ஈடுபட்ட கடற்படையினரிடையே, 2020 ஏப்ரலில் வெலிசறை முகாமில் பெருந்தொற்று வெடித்தது. ஜூலையில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் வெடித்தது. திருந்துவதற்காக அனுப்பப்பட்ட இடமே நோய்க்களம் ஆயிற்று. நவம்பர் 29 அன்று, போதை வழக்குகளில் அடைபட்டோர் நிரம்பியிருந்த சிறைகளில் ஒன்றான மஹரையில் கலவரம் வெடித்துப் 11 பேர் இறந்தார்கள். 'போதைக்காரன்' என்ற பழைய ஏச்சோடு 'நோய் பரப்புபவன்' என்பதும் ஒட்டிக்கொண்டது. உதவி கேட்டு வெளியே வந்தால் எங்கே கொண்டுபோய் அடைப்பார்களோ என்று பயந்தவர் ஒளிந்துகொண்டார். சிகிச்சைக்குப் போவது என்பது அவருடைய எதிர்காலத்திலிருந்து அழிந்துபோன இன்னொரு திகதி.

சரி, அப்படியானால் தம்பி இரண்டு மாதம் எப்படி நன்றாக இருந்தார்? தூளும் காசும் கிடைக்காமல், அந்தச் சந்தியும் கண்ணில் படாமல் இருந்ததால். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. உடல் தெளிவதற்கு அந்த இடைவெளி மெய்யான உதவி. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கப் படையினரை லீ றொபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்தபோது, ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானோர் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே என்று கண்டார். ஆனால் அவர்கள் அந்த இடத்தையும் ஆட்களையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்கள். உங்கள் தம்பி மே மாதக் கடைசியில் அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே மாலைக் கூலிக்குத் திரும்பினார். தவிப்பு இல்லாத நேரத்தில் இருக்கும் ஒருவர், தவிப்பு வரும்போது தாம் என்ன செய்வார் என்பதை எப்போதும் குறைத்தே கணிக்கிறார். சிகிச்சையில் இருந்த ஹெரோயின் பழக்கமுள்ளோரிடம், தவிப்பைத் தணிக்கும் மருந்தில் ஐந்து நாள் கழித்துக் கிடைக்கப்போகும் ஒரு மேலதிக வேளைக்கு விலை மதிக்கச் சொன்ன ஓர் ஆய்வில், வழக்கமான மருந்தை அப்போதுதான் எடுத்திருந்தவர்கள், எடுக்காமல் தவிப்போடு இருந்தவர்களைவிடக் குறைந்த விலையே சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து எல்லோருக்கும் தவிப்பு ஒன்றுதான்; இது பல வருட அனுபவசாலிகளுக்கும் நினைவில் நிற்கவில்லை. வீட்டுக்குள் அமைதியாக இருந்த தம்பிக்கும் 'இனி நான் தொடமாட்டேன்' என்பது அவ்வளவு எளிதாகத் தோன்றியிருக்கும். உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவிலேயே திரும்பத் தொடங்குவது, அதிலும் சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ப்பது, மூச்சை நிறுத்திவிடக்கூடும். சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வெளிவந்த முதல் வாரங்கள் இதனால்தான் மிகவும் ஆபத்தானவை.

எல்லோருக்கும் தொற்றுக்காலம் கெடுதலாகவே முடிந்தது என்றும் இல்லை. பல வருடமாகக் குடியை விட்டிருந்தவர்களில் சிலர் அந்த மாதங்களை மற்றவர்களைவிட நிதானமாகக் கடந்தார்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய குடிநோயாளர் சுயவுதவிக் குழுக்கள் 'இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம்' என்ற பயிற்சியின் மேல் நிற்பவை. கூட்டங்கள் ஸூம் வழியாக மாறியபோதும் அந்தப் பயிற்சி மாறவில்லை. நாளை என்னவென்று தெரியாமல் இன்றைய நாளை ஒழுங்காக வாழ்வது அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை. இதையும் ஒன்பது நாள் எதிர்காலத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அவர்களுக்கு இன்று என்பது, வேண்டிப் பெற்ற நீண்ட எதிர்காலத்தில் வைக்கும் ஓர் அடி. தவிப்பில் இருப்பவருக்கோ இன்றைக்கு அப்பால் எதுவுமே தெளிவாகத் தெரிவதில்லை.

இனி, 'இன்னொரு ஊரடங்கு வரட்டும்' என்ற பதிலுக்கு வருகிறேன். உங்களுக்கு அது விதண்டாவாதமாகக் கேட்டிருக்கும். எனக்கு, இந்தக் கேள்வி முழுவதிலும் நம்பிக்கை தருகிற வரியே அதுதான். தம்முடைய மனவுறுதியால் முடியவில்லை என்பதையும், வெளியிலிருந்து ஒரு கதவு மூடினால் முடியும் என்பதையும் அவர் அனுபவத்தில் கண்டு, அதைச் சொல்லத் தெரியாமல் சொல்கிறார். ஏன்ஸ்லியும் இதைத்தான் சொல்வார்: தெளிவான வேளையில், தவிப்பு வேளையின் கையைக் கட்டிவைக்க வேண்டும். நாடு முழுவதும் பூட்டத் தேவையில்லை. எந்தப் பூட்டு அவருக்கு உதவியது என்று அவரிடமே கேளுங்கள். அந்தி நேரத்தில் கையில் காசு இல்லாததா? அப்படியானால் கூலியை மாலையில் அவர் கையில் கொடுக்காமல் கிழமைக்கு ஒருதடவை உங்களிடம் தரும்படி முதலாளியிடம் பேச முடியுமா, அதிலிருந்து ஒரு பகுதியைச் சீட்டுக்குக் கட்ட முடியுமா என்று பாருங்கள். அந்தத் தெருவுக்குப் போகாததா? அப்படியானால் மட்டக்குளியிலோ வத்தளையிலோ, கூலி கொஞ்சம் குறைந்தாலும், வேறு இடத்தில் வேலை தேடலாம். இவை அவர் சம்மதத்தோடு, காலை வேளையில், அவருடைய யோசனையாகவே வர வேண்டும். அவருக்குத் தெரியாமல் சட்டைப் பையைத் துழாவுவது காவலாளி வேலை. அது சில நாளில் தோற்றுவிடும்.

எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதென்றால், 'அடுத்த வருசம்' என்ற பேச்சையே சிறிது காலத்துக்கு விட்டுவிடுங்கள். 'உன் வாழ்க்கை என்னாகும்' என்பது அவருக்கு உருவமில்லாத ஒன்று. உருவமில்லாதது தூளோடு போட்டியிட முடியாது. கடந்த பதினைந்து வருடத்தில் ஆராயப்பட்டுவரும் ஒரு முறையில், வரப்போகும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை, தாமே அதற்குள் நிற்பதுபோல் விவரமாகக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். குடிப்பழக்கமும் சிகரெட் பழக்கமும் உள்ளோர் இப்படிச் செய்த பிறகு, பின்னால் வரும் நன்மைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்ததும், அந்த நேரத்து நாட்டம் குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் இதற்கு ஆடிவேல் திருவிழா போதும். செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும்போது அவர் எங்கே நிற்பார், யாரோடு நிற்பார், என்ன உடுத்தியிருப்பார், பம்பலப்பிட்டி வரை நடப்பாரா, பிள்ளையைத் தோளில் தூக்குவாரா, வழியில் எந்த இடத்துத் தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடிப்பார்கள் என்று கேளுங்கள். பதிலை அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். கத்தோலிக்கரானால் ஜூன் 13 அந்தோனியார் திருவிழா. அதுவும் தொலைவாகத் தோன்றினால், வருகிற வெள்ளிக்கிழமை.

அதைவிட முக்கியம், நீங்கள் சொன்ன நாளில் சொன்னதைச் செய்வது. ஞாயிறு மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி என்றால் ஞாயிறு மத்தியானம் கறி இருக்க வேண்டும். அன்று காலை அவர்மேல் கோபம் வந்ததற்காக அதை நிறுத்திவிடக்கூடாது. கேட்கச் சில்லறை விஷயமாக இருக்கும். ஆனால் போதைச் சிகிச்சை முறைகளில் மிக உறுதியான ஆய்வுச் சான்றுள்ள ஒன்று இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: 1990களில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்பவர் அமெரிக்காவின் வெர்மொன்டில், கொக்கேயினை விட முயன்றவர்களின் சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்த ஒவ்வொரு தடவையும் பொருள் வாங்கும் ஒரு சீட்டை உடனே கொடுத்தார். தொகை சிறியது, தவறாமல், தாமதிக்காமல் கிடைத்தது. காப்பாற்றப்பட்ட சிறிய வாக்குகள் சேரச் சேரத்தான் ஒருவருக்கு அடுத்த மாதம் என்ற ஒன்றை நம்பத் தோன்றுகிறது.

இந்தக் கற்பனை முறையை மட்டும் நம்பி இருந்துவிடவும் வேண்டாம். அதன் பலனை அளந்த ஆய்வுகளில் பல, சில மணித்தியாலங்கள் அல்லது சில வாரங்களைத் தாண்டாதவை. சிகிச்சைக்குத் துணையாக மட்டுமே அதைக் கொள்ளலாம். கொழும்பில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஹோட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் மெல் மெதுர நிலையம் போதைப் பழக்கமுள்ளோரோடு அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குகிறது. தம்பி இல்லாமல் நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பேசுவதில் தவறில்லை. நல்ல நாளைக் கற்பனை செய்யச் சொன்னால் அவர் எதையும் காண முடியாமல் கலங்குகிறார், அல்லது தாம் இல்லாத நாளைப் பற்றிப் பேசுகிறார் என்றால், அது போதை மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இராது. அப்போது தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அன்றே அழையுங்கள்.

தூள் கிடைக்காத நாட்களில் அவர் சாராயத்துக்கோ கசிப்புக்கோ மாறியிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். ஊரடங்கில் அப்படி மாறியவர்களும் இருக்கலாம். ஹெரோயினை நிறுத்தினால் வரும் உடல்வலி, வயிற்றோட்டம், தூக்கமின்மை ஆகியவை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமாகி ஒரு வாரம் பத்து நாளில் தணியும். வேதனை அதிகம், உயிராபத்து அரிது. தினமும் நிறையக் குடிப்பவர் மதுவைச் சடுதியாக நிறுத்துவது அப்படியல்ல. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் கை நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் கண்டு பிதற்றுதல் என்பன வந்தால், அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயல்ல. அறையில் பூட்டிவைக்காமல் உடனே தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.